கால் கிலோ விமானம், 15 கிலோ இழுப்பு: தோள்பட்டை வலியோடு போட்டிக்குப் போகலாமா?

வாசகர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். தான் கிளைடர் வீசுவதை ஸ்லோமோஷனில் எடுத்த வீடியோவையும், எம்ஆர்ஐ அறிக்கையையும் கூடவே அனுப்பியிருக்கிறார். அவர் யாரென்று தெரியாதபடி கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 47. மூன்று ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். எட்டு ஆண்டுகளாக எஃப்3கே வகை மாடல் விமானப் போட்டிகளில் கலந்துகொள்கிறார். இந்த வகையைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: இதில் மோட்டார் கிடையாது. கிளைடரின் இறக்கை முனையில் உள்ள சின்னப் பிடியை இரண்டு விரலால் பற்றிக்கொண்டு, வட்டு எறிபவர் போல உடம்பைச் சுழற்றி வானத்தில் வீச வேண்டும். அப்புறம் ரிமோட்டை வைத்து, மேலே எழும் வெப்பக் காற்றைத் தேடிப் பிடித்து, சொன்ன நேரத்துக்கு அதை மிதக்கவிட வேண்டும்.

நான்கு மாதத்துக்கு முன் புது கிளைடர் வந்த உற்சாகத்தில், ஒரே வார இறுதியில் 70 தடவைக்கு மேல் வீசியிருக்கிறார். அதற்கு முன் ஒரு நாளைக்கு 15 வீச்சுக்கு மேல் போனதில்லை. அடுத்த வாரம் வலது மேல்கையின் வெளிப்பக்கம் வலிக்கத் தொடங்கியது. இப்போது அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் தூக்கம் கலைகிறது. கையைப் பக்கவாட்டில் தூக்கினால் பாதி வழியில் வலிக்கிறது, முழுதாகத் தூக்கிவிட்டால் குறைகிறது. எம்ஆர்ஐயில் தோளின் மேல் தசைநாரில் பாதித் தடிமனுக்கும் குறைவான கிழிசல், அதை ஒட்டிய சின்ன நீர்ப்பையில் வீக்கம், மூட்டுக் குழியின் விளிம்பில் நைந்த தன்மை என்று வந்திருக்கிறது. ஒரு மருத்துவர் சீக்கிரம் ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்றார். இன்னொருவர், இந்த வயதில் பொம்மை விமானம் எதற்கு, விட்டுவிடுங்கள் என்றார். முக்கியமான போட்டிக்கு இன்னும் 10 வாரம் இருக்கிறது. ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு போய்விடலாமா, இரண்டு மாதம் கையைத் தொட்டிலில் (கழுத்தில் மாட்டும் துணிக்கட்டு) கட்டி ஓய்வு கொடுக்கலாமா, இடது கையால் வீசப் பழகலாமா, இல்லை எல்லாவற்றையும் விற்றுவிடலாமா என்று கேட்கிறார். கடிதத்தின் கடைசியில், வேறு பேனாவில், இன்னொரு சின்னக் கேள்வியும் இருக்கிறது. அதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன்.

அன்புள்ள வாசகருக்கு,

"பொம்மை விமானம்" என்ற சொல் உங்களைக் காயப்படுத்தியிருப்பது கடிதத்தில் தெரிகிறது. அதற்குப் பிறகு எந்த மருத்துவரிடமும் வீச்சைப் பற்றி வாய் திறக்கவில்லை, "கனமான எதையோ தூக்கினேன்" என்று மட்டும் சொன்னேன் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அதை மாற்றுங்கள். கிரிக்கெட் பந்து வீசுபவரின் தோளை எவ்வளவு மதிப்போடு பார்ப்போமோ, அதே மதிப்போடுதான் உங்கள் தோளையும் பார்க்க வேண்டும். என்ன செய்து காயம் வந்தது என்று தெரியாத மருத்துவர், எதற்குத் திரும்பிப் போக வேண்டும் என்றும் தெரியாமல்தான் சிகிச்சை எழுதுவார். அடுத்த முறை போகும்போது இந்த வீடியோவை எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

கால் கிலோ கணக்கு எங்கே தவறுகிறது

"விமானம் வெறும் 250 கிராம். அது தோளைக் கிழிக்குமா? தூங்கும்போது கை மடங்கித்தான் இப்படி ஆகியிருக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கேதான் உங்களோடு நான் ஒத்துப்போக முடியவில்லை. கையில் சும்மா வைத்திருக்கும்போதுதான் அது 250 கிராம். சுற்றும்போது கணக்கே வேறு.

விமானத்தை விடும் கணத்தில் அதன் வேகம் நொடிக்கு 30 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் சொல்லும் 50, 60 மீட்டர் உயரத்துக்கு ஏற அவ்வளவாவது வேண்டும். உங்கள் உடம்பின் நடு அச்சிலிருந்து விமானத்தின் நடுப்பகுதி வரை, கை நீளமும் பாதி இறக்கையும் சேர்த்து, சுமார் ஒன்றரை மீட்டர். பள்ளியில் படித்த வட்ட இயக்கச் சூத்திரத்தில் போட்டால் 150 நியூட்டன் வரும். அதாவது ஏறக்குறைய 15 கிலோ எடையை யாரோ உங்கள் விரல் நுனியில் கட்டி வெளிப்பக்கமாக இழுப்பது போல. கை நீட்டி, தோள் உயரத்தில், முழு வேகத்தில் சுழலும்போது இந்த இழுப்பு விழுகிறது. அந்த வார இறுதியில் இது 70 தடவை நடந்திருக்கிறது. தூக்கத்தின் மேல் பழி போட வேண்டியதில்லை. வழக்கத்தைவிடப் பல மடங்கு பாரம் ஒரே நேரத்தில் விழுந்ததுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இந்தக் கணக்கில் உங்களுக்குச் சாதகமான ஒரு விஷயமும் இருக்கிறது. இழுப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுகிறது. வேகத்தைப் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் தோளில் விழும் பாரம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். உயரமும் அதே அளவு குறையும், மறுக்கவில்லை: 60 மீட்டர் போனது 48, 49 மீட்டரில் நிற்கும். அந்தப் பத்துப் பன்னிரண்டு மீட்டரைக் காற்றைப் படிக்கும் திறமையால் ஈடுகட்ட முடியுமா என்பதை என்னைவிட நீங்கள்தான் சொல்ல வேண்டும். எட்டு வருட அனுபவம் உங்களுடையது.

உங்கள் வீடியோவைப் பலமுறை பார்த்தேன். மூன்று விஷயம் கண்ணில் பட்டது. ஒன்று, கடைசி அரைச் சுற்றில் உங்கள் இடுப்பும் மார்பும் நின்றுவிடுகின்றன, கை மட்டும் தனியாக இழுக்கிறது. காலும் இடுப்பும் கொடுக்க வேண்டிய வேகத்தைத் தோள் தனியாகக் கொடுக்கப் பார்க்கிறது. இரண்டு, கை உடம்பின் கோட்டுக்குப் பின்னால் தங்கிப்போகிறது. அந்த நிலையில் மூட்டின் முன்பக்கச் சவ்வும், குழியின் விளிம்பும் அளவுக்கு மீறி இழுபடும். அறிக்கையில் விளிம்பு நைந்திருப்பதாக வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. விமானத்தை விட்ட உடனே சுழற்சியை வெடுக்கென்று நிறுத்தி, வலது கையை ரிமோட்டின் குச்சிக்குக் கொண்டுவருகிறீர்கள். அவ்வளவு வேகமாகப் போகும் கையை நிறுத்தும் வேலை தோளின் பின்பக்கச் சிறு தசைகளுடையது. பாதிச் சுற்றில் நிறுத்தச் சொன்னால் அவை திணறிப்போகும். விமானம் உச்சிக்கு ஏற 2, 3 நொடி ஆகிறது. ஏறும்போது வேண்டிய அமைப்பை இடது கைச் சுவிட்சே பார்த்துக்கொள்கிறது என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இன்னொரு அரைச் சுற்றுச் சுற்றிக் கையைத் தானாக அடங்கவிட உங்களுக்கு நேரம் இருக்கிறது. மறுபடி வீசத் தொடங்கும்போது முதலில் திருத்த வேண்டியது இதைத்தான்.

கிழிசல் என்ற சொல்லைக் கண்டு பயப்பட வேண்டாம்

தோள் மூட்டைச் சுற்றி நான்கு தசைகளின் நார்கள் ஒரு சட்டைக்கையின் விளிம்பு போலப் பொருந்தியிருக்கின்றன. பெரிய பந்தைச் சின்னக் கிண்ணத்தில் நழுவாமல் பிடித்து வைப்பது அவைதான். அந்த நான்கில் மேலே இருப்பதில்தான் உங்களுக்குக் கிழிசல், அதுவும் பாதித் தடிமனுக்குக் குறைவு. நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டியவர்களில், வலியே இல்லாத பலருக்கும் எம்ஆர்ஐ எடுத்தால் இப்படி ஏதாவது தெரியும். தலைமுடி நரைப்பது போல, நாரும் வயதாகும். ஆகவே படத்தில் தெரிவதெல்லாம் அந்த வார இறுதியில் வந்தது என்றும் சொல்ல முடியாது, படத்தில் இருக்கிறது என்பதற்காகவே கத்தி வைக்க வேண்டும் என்றும் இல்லை.

"ஆபரேஷன் செய்யாவிட்டால் கிழிசல் மூடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நேராகச் சொல்கிறேன்: இவ்வகைக் கிழிசல் தானாக முழுக்க ஒட்டிக்கொள்ளும் என்று நம்பியிருக்க முடியாது. சிலருக்கு அப்படியே இருக்கும், சிலருக்குக் காலப்போக்கில் பெரிதாகும். ஆனால் கிழிசல் மூடாமலே வலி போவதும், பலம் திரும்புவதும் அன்றாடம் நாங்கள் பார்ப்பது. மீதி இருக்கும் நாரும், சுற்றியுள்ள தசைகளும், தோள்பட்டை எலும்பைப் பிடித்திருக்கும் முதுகுத் தசைகளும் வேலையைப் பகிர்ந்துகொள்ளப் பழகும். அதனால்தான் உங்களைப் போன்ற நிலையில், முறையான உடற்பயிற்சிச் சிகிச்சையை 12 வாரமாவது செய்து பார்த்துவிட்டு அப்புறம் ஆபரேஷனைப் பற்றிப் பேசுவது வழக்கம்.

ஆபரேஷன் செய்யச் சொன்ன மருத்துவர் சொன்னதைத் தவறு என்று நான் இங்கிருந்து சொல்லிவிட முடியாது. அவர் உங்கள் கையைத் தொட்டுப் பார்த்தவர், நான் காகிதத்தைப் பார்த்தவன். ஆனால் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. "ஏன் இப்போதே? மூன்று மாதம் பயிற்சி செய்துவிட்டு வந்தால் எதை இழப்பேன்? ஆபரேஷனுக்குப் பிறகு வேகமாக வீசும் விளையாட்டுக்கு எத்தனை பேர் திரும்புகிறார்கள்?" என்று கேளுங்கள். படத்தின் நகலையும் அறிக்கையையும் வாங்கி, விளையாட்டு வீரர்களின் தோளைப் பார்க்கும் இன்னொருவரிடமும் கருத்துக் கேளுங்கள். நார் தைக்கும் ஆபரேஷன் செய்தால் 4 முதல் 6 வாரம் கை தொட்டிலில் இருக்கும். முழு வேகத்தில் வீச ஆறு மாதத்துக்கு மேல், பல சமயம் ஒரு வருடம் வரைகூட ஆகும். விளிம்பு நைந்ததற்காக மட்டும் தையல் போடுவது, நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இளைஞர்களுக்குப் பலன் தரும் அளவுக்குத் தருவதில்லை. இதையும் மனதில் வையுங்கள்.

காத்திருக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. வீசும்போது "டப்" என்று உணர்ந்து அதன்பின் கையைத் தூக்கவே முடியாமல் போனால், மூட்டு இடம் விலகியது போலத் தோன்றினால், கை மரத்துப்போனாலோ பிடி தளர்ந்தாலோ, காய்ச்சலோடு தோள் சிவந்து வீங்கினால், உடனே போய்க் காட்டுங்கள். முழுத் தடிமனும் திடீரென்று அறுந்தால் அங்கே தாமதம் நிஜமாகவே கேடு செய்யும். கழுத்தை ஒரு பக்கம் சாய்க்கும்போது தோள் வலி கூடுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மணிக்கணக்காக வானத்தை அண்ணாந்து பார்ப்பவர்களுக்குக் கழுத்து நரம்பிலிருந்து வரும் வலி தோள் வலி போலவே தெரிவதுண்டு.

ஊசியும், நண்பர் தந்த மாத்திரையும்

ஸ்டீராய்டு ஊசி கெட்ட மருந்து இல்லை. வலியால் தூக்கமே இல்லை, பயிற்சி செய்யவே முடியவில்லை என்கிறவர்களுக்குச் சில வாரம் ஆசுவாசம் தரும், அந்த இடைவெளியில் பயிற்சியைத் தொடங்கலாம். நீங்கள் அதைக் கேட்பது வேறு காரணத்துக்கு: வலி தெரியாமல் முழு வேகத்தில் வீச. அந்தக் காரணத்துக்கு நான் போடமாட்டேன். ஊசி வலியைத்தான் குறைக்கும், கிழிந்த நாருக்குப் பலம் தராது. திரும்பத் திரும்பப் போட்டால் நாரை வலுவிழக்கவும் செய்யும். எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லும் வலியை அடக்கிவிட்டு 15 கிலோ இழுப்பைக் கொடுத்தால், பாதிக் கிழிசல் முழுக் கிழிசலாகும் வாய்ப்பை நீங்களே உண்டாக்குகிறீர்கள். உங்களுக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை நன்றாக ஏறும். என்றைக்காவது போட்டுக்கொள்ள நேர்ந்தால் அந்த நாட்களில் வீட்டிலேயே அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள். ஊசி போட்ட உடனே ஆபரேஷன் செய்தால் கிருமித் தொற்று வாய்ப்புக் கூடும். எனவே இரண்டில் எது என்று குழப்பம் இருக்கும்போது ஊசிக்கு அவசரப்படக் கூடாது.

நீங்கள் யோசிக்காத இன்னொரு பக்கமும் இருக்கிறது. உங்கள் போட்டி உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்ஏஐயின் விதிகளின் கீழ் நடப்பதாக எழுதியிருக்கிறீர்கள். எஃப்ஏஐ, உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளை ஏற்றுக்கொண்ட அமைப்பு. அந்த விதிகளின்படி 2022 முதல், ஸ்டீராய்டை எந்த வழியில் ஊசியாகப் போட்டாலும் போட்டிக் காலத்தில் தடை. மூட்டில் போடும் ஊசியும் இதில் அடங்கும். மருந்தைப் பொறுத்துப் போட்டிக்கு முன் எத்தனை நாள் இடைவெளி வேண்டும் என்பது மாறும். அவசியமான சிகிச்சை என்றால் மருத்துவக் காரணத்துக்காக விலக்குக் கேட்கவும் வழி இருக்கிறது. நான் சொல்வது, தெரியாமல் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்பதுதான்.

போன போட்டியில் நண்பர் கொடுத்ததாக நீங்கள் எழுதியிருக்கும் மாத்திரை டிரமடால் என்ற வலுவான வலி மருந்து. 2024 முதல் அதுவும் போட்டிக் காலத்தில் தடை செய்யப்பட்டது. தடையை விடுங்கள், அது தலைசுற்றலையும் மந்தத்தையும் தரக்கூடிய மருந்து. ஆட்கள் நிற்கும் மைதானத்தில் அந்த வேகத்தில் ஒன்றை வீசிவிட்டு, அப்புறம் பத்து நிமிடம் அதை ஓட்டுபவர் சாப்பிடக் கூடாதது. உங்களுக்கென்று எழுதித் தராத மாத்திரையை இனி வாங்காதீர்கள். கடைகளில் கிடைக்கும் சாதாரண வலி மாத்திரைகள் பலவும் சர்க்கரை உள்ளவர்களின் சிறுநீரகத்துக்கு நல்லதல்ல. தினமும் சாப்பிடுவதாக இருந்தால் உங்கள் மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தொட்டில் வேண்டாம், சோம்பலும் வேண்டாம்

இரண்டு மாதம் கையைக் கட்டிப் போடும் யோசனையை இன்றே விட்டுவிடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போகும் நோய் மற்றவர்களைவிட எளிதாக வரும். அசையாமல் வைத்தால் அதற்கு நாமே கதவைத் திறந்துவிட்டது போல. அதோடு ஓய்வெடுத்த தசை பலவீனமாகும். வலி போய்விட்டது என்று நினைத்து மூன்றாம் மாதம் போய் வீசினால் முதல் நாளே பழைய கதை திரும்பும். வீச்சை நிறுத்துங்கள், கையை நிறுத்தாதீர்கள்.

ஒரு பிசியோதெரபிஸ்டோடு சேர்ந்து செய்ய வேண்டியதைக் கோடுபோட்டுத் தருகிறேன். விவரங்களை அவர் உங்கள் கையைப் பார்த்து மாற்றுவார்.

முதல் இரண்டு மூன்று வாரம்: முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, புறங்கையால் சுவரை வெளிப்பக்கமாக அழுத்தி 30 நொடி பிடிப்பது, ஒரு நாளைக்கு ஐந்து தடவை. தூங்கும்போது வலி இல்லாத பக்கம் படுத்து, வலிக்கும் கையின் கீழ் ஒரு தலையணை. பல நோயாளிகளுக்கு அந்தத் தலையணை ஒன்றே பாதி நிம்மதியைக் கொடுத்திருக்கிறது.

அடுத்த ஆறு வாரம் போல: ரப்பர் பட்டையை வெளிப்பக்கம் இழுப்பது, பின்னோக்கி இழுத்துத் தோள்பட்டை எலும்புகளை நெருக்குவது, சுவரில் கையைச் சறுக்கி மேலே கொண்டுபோவது. வாரம் மூன்று நாள், ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து தடவை, மூன்று சுற்று. திரும்பி வரும்போது மெதுவாக விடுங்கள். விமானத்தை விட்டபின் கையை அடக்கும் வேலையைத்தான் அந்த மெதுவான திரும்பல் பழக்குகிறது. கால், இடுப்புப் பயிற்சிகளையும் கூடவே செய்யுங்கள். உங்கள் வீச்சில் அவைதான் வேலை செய்யாமல் நிற்கின்றன.

அதற்கும் பிறகுதான் வீச்சு. முதலில் கையில் எதுவும் இல்லாமல் சுழன்று பாருங்கள். அப்புறம் பாதி வேகத்தில் பத்து வீச்சு, ஒரு நாள் விட்டு ஒரு நாள். வாரம் ஐந்து வீச்சு கூட்டலாம். எண்ணிக்கையைக் கூட்டும் வாரத்தில் வேகத்தைக் கூட்டாதீர்கள். வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை மார்க் போட்டால், மூன்றுக்குள் இருந்து அடுத்த நாளுக்குள் அடங்கிவிட்டால் சரி. அதற்கு மேல் போனாலோ, அன்று இரவு தூக்கம் கெட்டாலோ, முந்தின படிக்குத் திரும்புங்கள். முழு வேகம் என்ற பேச்சு, இரண்டு கையும் வெளிப்பக்கம் தள்ளும் பலத்தில் ஏறக்குறைய சமமான பிறகுதான்.

இப்போது கூட்டிப் பாருங்கள். உங்களிடம் இருப்பது 10 வாரம். முழு வேகத்தில் ஒரு நாள் பூராவும் வீசித் தாங்கும் தோள் அதற்குள் தயாராகாது. இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. இரண்டு வருடம் இந்தப் போட்டிக்காகக் காத்திருந்ததாகச் சொல்கிறீர்கள். ஆனாலும் இதில் வீசுபவராக நீங்கள் களம் இறங்கக் கூடாது என்பதுதான் என் கருத்து.

ஓட்டுபவராக இறங்க ஒரு சிறு வழி இருக்கிறது. எஃப்3கே விதியில், உடல் குறைபாடு உள்ளவர்கள் விமானத்தை வீசவும் பிடிக்கவும் வேறொருவரின் உதவியைக் கேட்கலாம். தற்காலிகக் காயத்துக்கு அது பொருந்துமா என்பதைப் போட்டி நடத்துபவர்தான் முடிவு செய்ய வேண்டும். மருத்துவச் சான்றை இணைத்து இப்போதே எழுத்தில் கேளுங்கள். போட்டி அன்று காலை போய் நின்றால் யாராலும் உதவ முடியாது. ஒத்துக்கொண்டால் நல்லது. மறுத்தால் அதை உரிமைப் போராட்டமாக்க வேண்டாம். வீசும் திறனும் அந்த விளையாட்டில் பாதி என்று மற்ற போட்டியாளர்கள் நினைப்பதிலும் நியாயம் இருக்கிறது.

திரும்பி வந்த பிறகும் வீச்சைச் செலவுக் கணக்குப் போல எழுதி வையுங்கள். உங்கள் போட்டிச் சுற்றுகளில் ஒரே ஒரு வீச்சு மட்டும் அனுமதிக்கும் சுற்றும் உண்டு, இரண்டு நிமிடப் பறத்தல் ஐந்து கேட்கும் சுற்றும் உண்டு. எல்லாவற்றிலும் ஒரே வெறியோடு வீச வேண்டியதில்லை. விமானத்தைக் கையில் பிடித்த அதே வேகத்தில் திருப்பி வீசுவது உங்கள் பலம் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். தோளுக்கு மிகவும் ஆபத்தான வீச்சு அதுதான். எட்டிப் பிடித்த கை கோணலாக இருக்கும்போதே அடுத்த பாரம் விழுகிறது. காலைச் சரியாக வைக்க ஒரு நொடி கொடுங்கள்.

இடது கையும், வேறு வகைகளும்

இடது கைக்கு மாறுவது முடியாத காரியம் இல்லை, ஆனால் போட்டிக்காக அவசரமாகச் செய்யும் காரியமும் இல்லை. இப்போது உங்கள் விமானத்தின் பிடி இடது இறக்கை முனையில் இருக்கும். அதை வலது முனைக்கு மாற்ற வேண்டும், அந்த முனை அந்த இழுப்பைத் தாங்கும்படி பலப்படுத்தப்பட்டிருக்க வேண்டும், வீசும் நேரத்துக்கான சுக்கான் அமைப்பையும் எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டும். ரிமோட் வலது கைக்குப் போகும், சுழற்சி எதிர்த்திசையில் போகும். இவை உங்களுக்குத் தெரிந்தவை. நான் சேர்க்க வேண்டியது ஒன்றுதான்: உங்கள் இடது தோளுக்கும் 47 வயதுதான், அது இதுவரை ஒரு முறைகூட இந்த இழுப்பைப் பார்த்ததில்லை. மாறுவதானால், மேலே சொன்ன பத்து வீச்சு, பாதி வேகம் என்ற படியிலிருந்தே அதற்கும் தொடங்குங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடம் இரண்டு தோளையும் பற்றி எழுதுவீர்கள்.

எல்லாவற்றையும் விற்பதைப் பற்றி. தயவுசெய்து வலி இருக்கும் மாதங்களில் அந்த முடிவை எடுக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் வீச்சைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. காற்றைப் பற்றி, பருந்து வட்டமிடும் இடத்தைக் கவனித்து அங்கே விமானத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதைப் பற்றி, ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. உங்களை மைதானத்துக்கு இழுப்பது எது என்று அதிலேயே தெரிகிறது. தோளைக் கேட்காத வகைகள் அதையே தருகின்றன. எஃப்5ஜேயில் மின்மோட்டார் அதிகபட்சம் 30 நொடி ஓடி விமானத்தை மேலே கொண்டுபோகிறது. எவ்வளவு குறைந்த உயரத்தில் மோட்டாரை நிறுத்துகிறீர்களோ அவ்வளவு குறைவாக மதிப்பெண் கழியும். தாழ்வாக நின்று காற்றைக் கண்டுபிடிப்பவருக்குச் சாதகமான விளையாட்டு, அதாவது உங்களைப் போன்றவருக்கு. எஃப்3எல்லில் 15 மீட்டர் ரப்பரும் 100 மீட்டர் கயிறும் விமானத்தை இழுத்து ஏற்றுகின்றன. மலைச்சரிவில் 100 மீட்டர் தூரத்தைப் பத்து முறை பறக்கும் எஃப்3எஃப்பில் உதவியாளரே விமானத்தைக் காற்றில் விடலாம். கம்பியில் கட்டிச் சுற்றும் வகை மட்டும் இப்போதைக்கு வேண்டாம், அங்கே இழுப்பு நேராக உங்கள் தோளுக்குத்தான் வரும்.

கடைசியாக, வேறு பேனாவில் எழுதிய அந்தக் கேள்வி. "இந்த ஞாயிற்றுக்கிழமை நண்பர் வீசித் தருவதாகச் சொல்கிறார். ஓட்ட மட்டும் போகலாமா? மகன் நேரம் சொல்ல வருவதாகச் சொல்கிறான்."

போங்கள். ரிமோட்டைக் கையில் தூக்கிப் பிடிக்காமல், இரண்டு தோளிலும் பாரம் பிரியும் பட்டையில் மாட்டி, முழங்கைகள் விலாவோடு தளர்ந்து இருக்கும்படி நில்லுங்கள். இறங்கும் விமானத்தை எட்டிப் பிடிக்க வேண்டாம், புல்லில் இறக்குங்கள், மகன் எடுத்து வரட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கழுத்தைக் கீழே கொண்டுவாருங்கள். "ஒரே ஒரு தடவை" என்று கை துறுதுறுக்கும், அதற்காகவே உங்கள் விமானத்தை வீட்டில் வைத்துவிட்டு நண்பருடையதை ஓட்டுங்கள். திங்கட்கிழமை காலையில் தோள் எப்படி இருந்தது என்று குறித்துவைத்து, பிசியோவிடம் முதல் நாள் அந்தக் குறிப்போடு போங்கள். எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.